குதிகாலில் ஒரு துளை, விரலடியில் ஒரு துளை

ஹெட்விக் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. சைக்கிள் கொட்டகையில் அவள் விட்டுப்போன சாமான்களுள் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே பதினொரு மழையுறைகள், சைக்கிள் ஓட்டும்போது ஷூவுக்கு மேலே மாட்டிக்கொள்வதற்கு. ஒன்பது இடது காலுக்கு. வலது காலுக்கு இரண்டே இரண்டு.

மூரன் தாழ்நிலத்தில் வீடு வீடாகத் தபால் போடும் வேலை பார்த்தவர்கள் யாரும் இதைப் பார்த்து ஆச்சரியப்பட மாட்டார்கள். சாலையில் வலப்பக்கம்தான் போக வேண்டும். வீடுகளின் தபால் பெட்டிகளும் வலப்பக்கம்தான் நிற்கின்றன. சைக்கிளை ஓரம் கட்டி, வலது காலைப் புல்மேட்டில் ஊன்றி, இடது காலைப் பெடலிலேயே வைத்துக்கொண்டு, கடிதத்தைப் போட்டுவிட்டு, ஊன்றிய காலால் உந்திக் கிளம்ப வேண்டும். ஹெட்விக்கின் தடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். தினமும் முந்நூற்றுப் பன்னிரண்டு முறை வலது கால் தரையைத் தொட்டது. இடது கால் தொடவே இல்லை.

மழையுறை பெடல் மிதிப்பதற்கென்று செய்த பொருள். நடப்பதற்கு அல்ல. வழவழப்பான பெடல்மேல் அது பத்து வருடம் கிடக்கும். புல்மேட்டுச் சரளைக் கல்லில் தினமும் ஊன்றினால் பிப்ரவரிக்குள் குதிகால் போய்விடும். அப்படி ஒவ்வொரு வருடமும் வலது செத்தது. இடது, போட்டது போட்டபடி புதுசாக இருந்தது. தூக்கிப்போட மனம் வராமல் ஹெட்விக் அதைப் பெட்டியில் போட்டுவைத்தாள்.

அவள் ஹோக்ஸ்டாடெயில் பிறந்தவள். அப்பாவுக்கு சர்க்கரைக் கிழங்கு வயலில் கூலிவேலை. ஒன்பது வயதில் உறைந்த வாய்க்காலில் சறுக்கி விளையாடும்போது பனிக்கட்டி உடைந்து இடுப்புவரை உள்ளே போனாள். தூக்கி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பருகே உட்காரவைத்தார்கள். மற்றதெல்லாம் சரியானது. கால்விரல்கள் மட்டும் அன்றிலிருந்து குளிர் பட்டால் மெழுகு போல வெளுத்துவிடும். உணர்ச்சி திரும்ப ஒரு மணிநேரம் ஆகும்.

இருபத்துநாலு வயதில் காய்கறி உறையவைக்கும் ஆலையில் சேர்ந்தாள். ஜன்னல் இல்லாத கூடம், குழல் விளக்கு, ஓடும் பெல்ட். பெல்ட்டில் பீன்ஸ் வரும். கெட்டதை எடுக்க வேண்டும். மூன்று வருடம் எடுத்தாள். பிறகு தபாலில் சைக்கிள் தடம் காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டு, அன்றைக்கே போய் எழுதிக்கொடுத்தாள். முப்பத்திரண்டு வருடம் அந்தத் தடத்தைவிட்டு இறங்கவில்லை. கணவன் வில்ஃப்ரீட் வாய்க்கால் தூர்வாரும் இயந்திரம் ஓட்டினான். அவன் இறந்த பிறகு, காலை முதல் மதியம்வரை வெளியே இருப்பதுதான் அவளுக்குச் சுலபமாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் சூப் குடிக்கலாம், தூங்கலாம். இடையில் யோசிக்க அதிக நேரமில்லை.

கடைசிக் குளிர்காலம் தொடங்குவதற்கு முன், நவம்பரில், பணியாளர்களைப் பரிசோதிக்கும் டாக்டர் லாம்மென்ஸ் அவள் காலைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"போன குளிர்ல ஒரு புண்ணு. அதுக்கு முந்தின குளிர்ல ரெண்டு. இன்னொண்ணு வந்தா சைக்கிள் கிடையாதும்மா. உள்ளே தெருவாரியா கடிதம் பிரிக்கிற வேலைதான்."

"மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும்தானே டாக்டர். அப்புறம் நானே ரிட்டயர் ஆகிப் போயிடறேன்."

"உங்க விரலும் உங்ககூடவே ரிட்டயர் ஆகட்டும்னு பார்க்கிறேன். பிப்ரவரில வாங்க. ஷூவைக் கழட்டிக் காட்டணும்."

பிரிக்கும் கூடத்தை ஹெட்விக் அறிவாள். தினமும் காலையில் அங்கேதான் தன் கடிதக் கட்டுகளை எடுப்பாள். குழல் விளக்கு, ஓடும் பெல்ட். பீன்ஸுக்குப் பதில் கடிதம். அவளுக்கு மீதி இருந்தது ஐந்து மாதம். அதை அந்தக் கூடத்தில் கழிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். விரலில் புண் வரக் கூடாது. அதற்குக் கால் ஈரத்தில் ஊறக் கூடாது. வேண்டியது அவ்வளவுதான்.

அதற்கான வேலை அவளுக்குப் பழக்கம். சைக்கிள் டியூபுக்கு ஒட்டும் ஒட்டு, மழையுறையின் மேல்துணியில் இரண்டு நாள்தான் நிற்கும். முதலில் வில்ஃப்ரீடின் சவரக் கத்தியால் துணியைச் சிரைத்து, அடியிலிருக்கும் ரப்பரை வெளியே கொண்டுவர வேண்டும். அப்புறம் ஒட்டினால் ஒரு மாதம் தாங்கும். ஜிப்புக்கு மெழுகுவத்தி தேய்க்க வேண்டும். கழற்றிய உறைக்குள் செய்தித்தாள் திணித்து, குப்புறத் தொங்கவிட வேண்டும். அடுப்பருகே வைத்தால் ஒட்டு இளகும். மழைக்கால்சட்டையின் நுனி உறைக்கு வெளியே தொங்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நேர்த்திக்காக உள்ளே செருகுவார்கள். வானத்து மழையெல்லாம் ஷூவுக்குள் இறங்கும். ஹெட்விக் ஒருமுறை சொல்லுவாள். கேட்காவிட்டால் இரண்டாம் முறை சொல்ல மாட்டாள். அந்தப் பாடத்தை மழை நடத்தும்.

இவ்வளவு செய்தாலும் தண்ணீர் வரும். ஐந்து மணிநேர மழையில் ஜிப் வழியாகக் கசியும், வியர்வை சேரும், கால்சட்டை நனைந்து சொட்டும். உள்ளே வந்தது வெளியே போக வழியில்லாவிட்டால் கால் அதில் ஊறும். ஆகவே ஹெட்விக் உறையின் அடியில் துளை போட்டாள். பின்னல் ஊசியை கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக் குத்துவாள். தீக்குச்சித் தலை அளவு. எங்கே குத்துவது என்று கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு குளிர்காலம் ஆனது. வலது உறையில் குதிகாலில்: ஊன்றும்போது குதிகால்தான் முதலில் அழுந்தும், உள்ளே இருக்கும் தண்ணீர் பீச்சிக்கொண்டு வெளியேறும். இடது கால் ஊன்றுவதே இல்லை. அவள் விரல் தாழ்ந்து மிதிக்கிறவள், தண்ணீர் முன்பக்கம் வந்து தேங்கும். ஆகவே இடது உறையில் விரலடியில்.

வலது கால் ஊன்றும்போதெல்லாம் குதிகால் துளை ஒரு சத்தம் போடும். தடத்தின் பாதியைத் தாண்டி, காற்றாலைக்கு அப்பால் இருக்கும் பண்ணைக்காரர் நோவெலுக்கு எழுபத்தொரு வயது. காது மந்தம் என்று ஊர் சொல்லும். அந்தச் சத்தம் மட்டும் மாட்டுத் தொழுவத்திலிருந்தே அவருக்குக் கேட்கும்.

"தபால்காரம்மா, உன் கால்ல தவளை கத்துது."

"உங்க பேர்ல வர்ற பில்லைப் பார்த்துச் சிரிக்குது."

"அதுக்கு ஒரு பேர் வைக்கக் கூடாதா?"

"வச்சாச்சு. நோவெல்."

மகள் கத்ரைன் கெந்த் நகரத்தில் ஒட்டுப்பசைகளைச் சோதிக்கும் கூடத்தில் பொறியாளர். ஒட்டிய இரண்டு துண்டுகளை இயந்திரத்தில் இழுத்து, எத்தனை நியூட்டன் விசையில் பிய்கிறது என்று எழுதுவது அவள் வேலை. அந்த வருட வசந்தத்தில் அவளுடைய திருமணம் பிய்ந்தது. அதற்கு எண் எதுவும் எழுதப்படவில்லை. வாரம் ஒருமுறை போன் செய்வாள். பேச விஷயம் இருக்காது. வானிலை சொல்லுவார்கள்.

கிறிஸ்துமஸுக்கு ஹெட்விக் நான்கு நாள் விடுப்பு எடுத்திருந்தாள். கத்ரைன் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். கையுறை, உப்புத்தாள், சாராய நெடி அடிக்கும் திரவம், கறுப்புப் பசை, இடுக்கிகள். டாக்டர் சொன்னதை அம்மா போனில் சொல்லியிருந்தாள். வந்த மறுநாள், ஹெட்விக் சூப்புக்கு இறைச்சி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது, கத்ரைன் கொட்டகைக்குப் போய் மழையுறைகளை எடுத்துக்கொண்டாள். அன்று முழுக்கக் குளியலறைக் கதவு சாத்தியிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் கூப்பிட்டாள்.

"அம்மா, வந்து பாரேன்."

குளியல் தொட்டிக்கு மேலே, திரைக் கம்பியிலிருந்து இரண்டு உறைகளும் தொங்கின. இரண்டிலும் வாய்வரை தண்ணீர். பால் கறக்காத மாட்டின் மடி போல உப்பியிருந்தன. தொட்டியின் அடி உலர்ந்திருந்தது.

"பதினாறு மணிநேரம் ஆச்சு. ஒரு சொட்டு விழலை."

ஹெட்விக் உறைகளைப் பார்த்தாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கிற அந்த முகத்தை அவள் ஏப்ரலிலிருந்து பார்க்கவில்லை.

"குதிகால் முழுக்கப் புது ரப்பர் வச்சிருக்கேன். மார்ச் வரைக்கும் போகாது. இதுல குதிகால்ல சின்னதா ஒரு ஓட்டை, அதுல முன்னாடி ஒண்ணு. பெடல் முள்ளு குத்தியிருக்கணும். ரெண்டையும் அடைச்சாச்சு."

"இருக்கும்," என்றாள் ஹெட்விக்.

வெளியே நிற்கும் தண்ணீருக்குத்தான் இந்தச் சோதனை. உள்ளே வந்துவிட்ட தண்ணீருக்கு அல்ல. ஹெட்விக்குக்கு அது அந்த நொடியிலேயே தெரிந்தது. சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். சூப் அடிப்பிடிக்கும் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

ஜனவரி முதல் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கடலிலிருந்து வரும் சாய்மழை. வில்ஃப்ரீட் அதற்கு வைத்த பெயரை அச்சில் எழுத முடியாது. முதல் நாள், முப்பதாவது பெட்டி தாண்டியதும் இடது காலில் குளிர் ஏறியது. நோவெலின் பெட்டியருகே வலது காலை ஊன்றினாள். சத்தம் இல்லை. நோவெல் தொழுவத்து வாசலில் நின்றிருந்தார்.

"என்ன, தவளை செத்துப்போச்சா?"

"தூங்குது. குளிர்காலம் இல்லையா?"

"போன வருஷமும் குளிர்காலம்தான். அப்ப தூங்கலையே."

வீட்டுக்கு வந்து உறையைக் கவிழ்த்தால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு காபிக் கோப்பை அளவு தண்ணீர் கொட்டியது. பின்னல் ஊசியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். போன் அடித்தது.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா ஒட்டியிருக்கு. குதிகால் அசையவே இல்லை."

"இங்க நான் இழுத்துப் பார்த்த துண்டும் அசையலை." இதைச் சொல்லிவிட்டு, கத்ரைன் அன்றைக்கு முதல்முறையாக வேறு விஷயமும் பேசினாள். புதிதாக ஒரு வீடு பார்த்திருந்தாள். மூன்றாம் மாடி. பால்கனியில் சைக்கிள் வைக்க இடம் உண்டு. நாற்பது நிமிடம் பேசினார்கள். பேசி முடித்து ஹெட்விக் ஊசியை எடுத்து இழுப்பறையில் போட்டாள்.

வாரம் ஒருமுறை வந்த போன் இப்போது தினமும் வந்தது. இப்படி ஒன்பது நாள். தினமும் ஊசி வெளியே வரும், போன் வரும், ஊசி உள்ளே போகும். பத்தாம் நாள் காலையில் காலுறை மாட்டும்போது இடது கால் சுண்டுவிரலில் துணி ஒட்டிக்கொண்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தாள். பருப்பு அளவு புண். சுற்றிலும் ஊதா.

டாக்டரிடம் போக மூன்றரை வாரம் இருந்தது. அவள் புண் ஆற ஆறு வாரம் எடுக்கும். எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். ஊசி சிவந்தது. இரண்டு உறையிலும், கத்ரைன் ஒட்டிய அழகான ஒட்டின் நடுவில், பழைய இடத்திலேயே குத்தினாள். ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அன்றைக்கு நோவெல் வாசலுக்குக்கூட வரவில்லை. தொழுவத்துக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"எழுந்துட்டான் போல!"

அந்த ஞாயிறு கத்ரைன் சொல்லாமல் வந்தாள். புது வீட்டுச் சாவியைக் காட்ட வந்திருந்தாள். சைக்கிளைக் கொட்டகையில் நிறுத்தப் போனவள், உடனே திரும்பவில்லை. திரும்பியபோது கையில் இரண்டு உறைகள். உள்ளே திணித்திருந்த செய்தித்தாள் தரையில் உதிர்ந்தது.

"இது தேஞ்சு வந்த ஓட்டை இல்லையே. சுட்டது."

"ஆமா."

"நான் அடைச்ச அதே இடத்துல."

"ஆமா."

"அப்ப முன்னாடி இருந்ததும் நீ போட்டதா?"

ஹெட்விக் தலையாட்டினாள். காபி ஊற்றினாள். தண்ணீர் எப்படி வரும், எப்படிப் போகும் என்று சொன்னாள். கத்ரைன் உட்காராமல் நின்றபடியே கேட்டாள்.

"வேணும்னு போட்ட ஓட்டைன்னா ரெண்டுலயும் ஒரே இடத்துல இருக்கும்னு நெனச்சேன். வேற வேற இடத்துல இருந்துச்சு. அதான் தேய்மானம்னு முடிவு பண்ணிட்டேன்."

"ரெண்டு காலும் ஒரே வேலையா பார்க்குது?"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல."

"நீ சிரிச்சிட்டிருந்தே."

கத்ரைன் நாற்காலியில் உட்கார்ந்தாள். "காலைக் காட்டு," என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும்…"

"காட்டும்மா."

ஹெட்விக் காலுறையைக் கழற்றினாள். கத்ரைன் விரலைத் தொடவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் வேலைசெய்யும் கூடத்தில் ஒரு துண்டு பிய்ந்தால் முதலில் தவறு எங்கே என்று எழுதுவார்கள்: பசையிலா, பரப்பிலா, சோதித்தவரிடமா. இங்கே பசையில் தவறில்லை. பரப்பிலும் இல்லை.

"எத்தனை நாள் இப்படிப் போட்டுட்டுப் போனே?"

"ஒன்பது."

"ஒன்பது நாளும் நான் போன் பண்ணினேன்."

"அதனாலதான்டி."

சாவி மேஜைமேல் கிடந்தது. கொஞ்சநேரம் கழித்து கத்ரைன் உறையில் தண்ணீர் நிரப்பி, கையை உள்ளே விட்டு அழுத்திப் பார்த்தாள். பீச்சியது. அழுத்தாமல் விட்டு, போனில் நேரம் பார்த்தாள். துளையின் ஓரத்தை நகத்தால் நிமிண்டினாள்.

"இப்படியே விட்டா இங்கேர்ந்து கிழியும்."

"கிழியும். பிப்ரவரில கிழியும். வருஷா வருஷம் அப்படித்தான்."

"சுத்தி ஒரு வளையம் வச்சா கிழியாது."

பெட்டியைத் திறந்தாள். கெட்டி ரப்பரில் சட்டைப் பொத்தான் அளவு வளையங்கள் இரண்டு வெட்டினாள். எங்கே வைக்க வேண்டும் என்று இந்த முறை கேட்டாள். ஹெட்விக் விரலால் காட்டினாள். இடதில் அரை விரற்கடை முன்னால் தள்ளச் சொன்னாள். ஒட்டு உலரும்வரை இருவரும் ஆளுக்கொன்றைக் கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பிப்ரவரி இரண்டாம் வியாழன், டாக்டரிடம் போன ஹெட்விக்கோடு மகளும் போனாள். புண் ஆறிக்கொண்டிருந்தது. ஆறிவிடவில்லை. டாக்டர் லாம்மென்ஸ் விளக்கை இழுத்து அதன்மேல் திருப்பினார். பேனாவை எடுத்தார்.

"நவம்பர்ல என்ன பேசினோம்?"

"ஞாபகம் இருக்கு டாக்டர்," என்றாள் ஹெட்விக்.

"அந்தப் புண்ணு நான் பண்ணினது," என்றாள் கத்ரைன்.

டாக்டர் மகளைப் பார்த்தார். கத்ரைன் பையிலிருந்து இடது உறையை எடுத்தாள். கை கழுவும் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்து நிரப்பினாள். "இது அம்மா ஆறு வருஷமா பண்றது. நான் டிசம்பர்ல அடைச்சேன். ஒன்பது நாள் கால் தண்ணிக்குள்ள இருந்துச்சு. பத்தாம் நாள் புண்ணு. திரும்பத் திறந்து நாலு வாரம் ஆகப்போகுது, பதினேழு நாள் மழை பெஞ்சிருக்கு, வேற புண்ணு இல்ல. இருக்கிறதும் சுருங்கியிருக்கு. அளந்து வச்சிருக்கேன்."

"சரி, இதுல என்ன காட்டறீங்க?"

"கையை உள்ள விட்டு அழுத்துங்க."

டாக்டர் கையை உள்ளே விட்டு, விரல்களை அழுத்தினார். தண்ணீர் தொட்டியின் விளிம்பைத் தாண்டி அவருடைய வெள்ளை அங்கியில் அடித்தது. மேஜைமேலிருந்த தாளிலும் கொஞ்சம். மை கரைந்தது.

"அது இன்னும் மேல பார்த்த மாதிரி புடிக்கணும்," என்றாள் ஹெட்விக் மெதுவாக.

டாக்டர் அங்கியைத் துடைத்துக்கொண்டார். உறையைத் திருப்பி, வளையத்தையும் துளையையும் பார்த்தார். இன்னொரு முறை அழுத்தினார், இந்த முறை தொட்டிக்குள்.

"இருபத்தியாறு வருஷமா ஈரக் கால் பார்க்கிறேன். காலைத்தான் பார்த்திருக்கேன்." நனைந்த தாளைக் கிழித்துப் புதுத் தாள் எடுத்தார். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பத்து விரலையும் போட்டோ எடுத்து அனுப்பணும். ஊதா பெருசானா அன்னிக்கே உள்ள. நான் கூப்பிட்டுச் சொல்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, நீங்களே போயிடணும்."

"போயிடறேன்."

"நிஜமாவா?"

"மாட்டாங்க," என்றாள் கத்ரைன். "போட்டோவை நான் பார்த்துட்டு அனுப்பறேன்."

ஏழு வெள்ளிக்கிழமைகள். ஏழு போட்டோக்கள். மூன்றாவதில் புண் இல்லை. வலது உறையின் குதிகால் பிப்ரவரியைத் தாண்டியது, மார்ச் கடைசியையும் தொட்டது. இத்தனை வருடத்தில் அதுதான் முதல் முறை. ஒட்டு நல்ல ஒட்டு. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

மார்ச் முப்பத்தொன்று வெயிலாக விடிந்தது. காற்றுகூட இல்லை. ஹெட்விக் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள். பிறகு மழையுறைகளை மாட்டினாள். கட்டுகளை எடுக்கப் போனபோது கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெட்டிகள்மேல் சின்னச் சின்னப் பொட்டலங்கள் இருந்தன. வெண்ணெய் ரொட்டி, ஒரு செடி, ஒரு வீட்டில் சீட்டில் ஒரே ஒரு வரி. பை நிறைந்தது.

நோவெலின் பெட்டியருகே அவள் காலை ஊன்றினாள். சத்தமில்லை. உலர்ந்த உறை என்ன சத்தம் போடும்? நோவெல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் பால் கொதிக்கவைக்கும் பாத்திரம், அதில் தண்ணீர்.

"மழையே இல்லை, எதுக்கு அதை மாட்டிட்டு வந்தே?"

"அதுக்கும் இன்னிக்குத்தான் கடைசி நாள்."

"அப்ப அவன் குரலைக் கேட்காம அனுப்ப முடியாது. காலைக் காட்டு."

"விளையாடாதீங்க நோவெல். என் கால்விரலுக்குக் குளிர்ந்த தண்ணி ஆகாது."

"தெரியும். உன் மக வந்து சொல்லிட்டுப் போச்சு. கையை விட்டுத் தொட்டுப் பாரு."

ஹெட்விக் கைவிரலை விட்டுப் பார்த்தாள். வெதுவெதுவென்றிருந்தது. கன்றுக்குட்டிக்குப் பால் கலக்குகிற சூடு.

வலது உறையின் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கினாள். அவர் சிந்தாமல் ஊற்றினார். ஹெட்விக் ஜிப்பை ஏற்றி, சைக்கிளில் உட்கார்ந்து, காலைத் தூக்கி, புல்மேட்டில் ஊன்றினாள். தவளை கத்தியது. தொழுவத்துக்குள் ஒரு மாடு தலையைத் திருப்பியது.

"இன்னொரு தடவை," என்றார் நோவெல்.

ஊன்றினாள். அடுத்த பெட்டியிலும் கத்தியது, அதற்கடுத்ததிலும். மீதி நூற்று நாற்பது பெட்டிகள் இருந்தன. பத்துப் பெட்டிகளுக்குள் தண்ணீர் தீர்ந்து, சத்தம் ஓய்ந்துவிட்டது. கால் சூடாகவே இருந்தது.